கொதிநிலை, உருகுநிலை, ஆவி அழுத்தம்: கேள்வி பதில்

கே: சார், ஊட்டியில் தீயை எவ்வளவு கூட்டினாலும் பருப்பு சீக்கிரம் வேகமாட்டேன் என்கிறதே?

ப: நீரின் ஆவி அழுத்தம், அதாவது அதிலிருந்து எழும் ஆவி தரும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டினால் கொதி வந்துவிடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. 92–93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கிறது. தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும், சூடு ஏறாது. குக்கரில் வையுங்கள். வெயிட் தூக்கும்போது உள்ளே ஏறக்குறைய 1 பார் (கடல்மட்டக் காற்றழுத்தம் அளவு) கூடுதல் அழுத்தம் இருக்கும். ஊட்டியிலும் 116 டிகிரி வரை போகும்.

கே: உப்பு போட்டாலும் கொதிநிலை ஏறுமே?

ப: ஒரு கிலோ தண்ணீருக்கு 58 கிராம் உப்பு போட்டால் ஏறுவது ஒரே ஒரு டிகிரி. சமையலுக்கு உதவாது.

கே: அசிட்டோன் பாட்டிலில் பாதி தீர்ந்தால் ஆவி அழுத்தமும் பாதியாகுமா?

ப: ஆகாது. மூடிய பாட்டிலில் கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே போதும், 20 டிகிரியில் அதே 24 கிலோபாஸ்கல்தான். 25 டிகிரி ஆனால் 30-ஐத் தாண்டிவிடும். அதனால் வெயில் படும் ஜன்னலோரம் அந்தப் பாட்டிலை வைக்காதீர்கள்.

கே: பென்டேன், நியோபென்டேன் இரண்டிலும் அதே அணுக்கள்தான், அமைப்பு மட்டும் வேறு. பென்டேன் 36 டிகிரியில் கொதிக்கிறது, நியோபென்டேன் 9.5-இல். உருகுநிலை மட்டும் தலைகீழ்: பென்டேன் –130, நியோபென்டேன் –17. எப்படி?

ப: அருமையான கேள்வி. இரண்டையும் ஒரே விதியில் அடக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். கொதிக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிய வேண்டும். நீளமான பென்டேன் பக்கத்து மூலக்கூறை நெடுகத் தொட்டுக்கொண்டிருப்பதால் ஈர்ப்பு அதிகம். உருண்டையான நியோபென்டேனுக்குத் தொடும் பரப்பு குறைவு. உருகுவது வேறு கணக்கு. நியோபென்டேன் திண்மமாக இருக்கும்போதே, உருகுநிலைக்குக் கீழே, இருந்த இடத்தில் சுழல்கிறது. ஆகவே உருகும்போது புதிதாகக் கிடைக்கும் என்ட்ரோபி (மூலக்கூறுகளின் ஒழுங்கின்மை) சொற்பம். உருகுநிலை என்பது உருகும் என்தால்பியை (உருக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை) உருகும் என்ட்ரோபியால் வகுத்தது. வகுக்கும் எண் சிறியதானால் விடை பெரிதாகும்.

கே: லேபில் பென்சாயிக் அமிலம் 122-இல் உருக வேண்டும். எனக்கு 114-இல் தொடங்கி 119-இல் முடிகிறது.

ப: கீழே இறங்கி, அகலமாகவும் வந்தால் மாசு, அல்லது ஈரம். வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு மறுபடியும் படிகமாக்கி, வடிகட்டி, நன்றாக உலர்த்துங்கள். தந்துகிக் குழாயில் (மயிரிழைபோல் மெல்லிய கண்ணாடிக் குழாயில்) தூள் 2–3 மில்லிமீட்டர் உயரம் போதும், தட்டித்தட்டி இறுக்குங்கள். 110 டிகிரிக்கு மேல் நிமிடத்துக்கு 1–2 டிகிரிதான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் தெர்மாமீட்டரும் தூளும் ஒரே சூட்டில் இருக்காது.

கே: யூரியா, சின்னமிக் அமிலம் இரண்டும் 133 பக்கத்தில்தான் உருகுகின்றன. கையில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: அதனுடன் சுத்தமான யூரியாவைச் சம அளவு சேர்த்து அரைத்து, கலவையின் உருகுநிலையைப் பாருங்கள். 133-இலேயே நின்றால் யூரியா. பல டிகிரி இறங்கினால் அது யூரியா இல்லை. அடுத்து சின்னமிக் அமிலத்துடன் கலந்து பாருங்கள்.