கார்பென்டர்ஸின் கிறிஸ்துமஸ் பாட்டுகள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: ரிச்சர்ட், கேரன் என்ற அமெரிக்க அண்ணன் தங்கையின் இசைக்குழுவான கார்பென்டர்ஸ் என்றால் எனக்குக் காதல் பாட்டுகள்தான் தெரியும். கிறிஸ்துமஸ் பாட்டுகளை எங்கிருந்து தொடங்கலாம்?

1978-இல் வந்த 'கிறிஸ்துமஸ் போர்ட்ரெய்ட்' ஆல்பத்திலிருந்து. தயவுசெய்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிக் கேட்காதீர்கள், முதலிலிருந்து ஓடவிடுங்கள். ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்தது எட்டிப் பார்க்கும், பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, கோரஸ் எல்லாம் சேர்ந்து கொண்டாடும், அப்புறம் கடைசியில் 'ஆவே மரியா'வில் எல்லாம் அடங்கி கேரனின் குரல் மட்டும் மனதில் நிற்கும். கேரனின் முதல் தனி ஆல்பம் உண்மையில் இதுதான் என்று அண்ணன் ரிச்சர்டே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: 'மெரி கிறிஸ்துமஸ் டார்லிங்' அவர்களே எழுதியதா?

பாதி. மெட்டு ரிச்சர்டுடையது, வரிகள் அவருடைய ஆசிரியருடையவை! கலிபோர்னியாவின் லாங் பீச் கல்லூரியில் ஃபிராங்க் பூலர் என்பவர் பாடகர் குழுவை நடத்தி வந்தார். கேட்டுக் கேட்டுப் பழகிய பாட்டுகளே வேண்டாம், வேறு ஏதாவது கிறிஸ்துமஸ் பாட்டு இருக்கிறதா என்று 1966-இல் ரிச்சர்ட் அவரிடம் கேட்க, அவர் இளைஞராக இருந்தபோது தன் காதலியை நினைத்து எழுதிய வரிகளை எடுத்துக் கொடுத்தார். எழுதிய வருடம் 1946, அதாவது ரிச்சர்ட் பிறந்த அதே வருடம். பிரிந்திருப்பவரை நினைத்து ஒருத்தி தனியாக வாழ்த்துச் சொல்கிற பாட்டு அது, அதற்கு கேரனின் அந்த அடித்தொண்டைக் குரலைத் தவிர வேறெதுவும் பொருந்தாது என்பேன்.

கேள்வி: அதில் இரண்டு பதிவுகள் இருக்கிறதாமே, எது நல்லது?

1970-இல் சிங்கிளாக, அதாவது ஆல்பம் இல்லாமல் தனிப் பாட்டாக வந்தபோது கேரனுக்கு 20 வயது. 1978 ஆல்பத்துக்காக அவரே மறுபடி பாடினார். பலருக்கு முதலாவது பிடிக்கும், எனக்கு இரண்டாவதுதான். மூச்சை இழுத்து விடுகிற இடம்கூட இன்னும் நிதானமாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருக்கும்.

கேள்வி: 'சாண்டா கிளாஸ் இஸ் கமிங் டு டவுன்' மெதுவாகப் போகிறதே, அதுவும் இவர்களா?

இவர்களேதான், 1974 சிங்கிள். எல்லோரும் துள்ளிப் பாடுகிற பாட்டைத் தாலாட்டு போல ஆக்கியிருப்பார்கள். இரவில் கேளுங்கள்.

கேள்வி: கேரன் 1983-இல் இறந்துவிட்டார், 1984-இல் எப்படி இன்னொரு கிறிஸ்துமஸ் ஆல்பம்?

'ஆன் ஓல்ட் ஃபேஷண்ட் கிறிஸ்துமஸ்'. முதல் ஆல்பத்துக்காகப் பாடி, அதில் சேராமல் மிச்சமிருந்த கேரனின் பதிவுகளை எடுத்து, ரிச்சர்ட் புதிதாக ஆர்க்கெஸ்ட்ராவும் கோரஸும் பதிவு செய்து சேர்த்தார். தங்கை இல்லாத ஸ்டூடியோவில் தங்கையின் குரலோடு வேலை செய்திருக்கிறார். 'லிட்டில் ஆல்டர் பாய்' பாட்டு இதில்தான் இருக்கிறது, இதை எப்படி முதல் ஆல்பத்தில் விட்டார்கள் என்று ஒவ்வொரு டிசம்பரும் எனக்கு ஆச்சரியம்தான்.

கேள்வி: என்னிடம் இருக்கும் சிடியில் பாட்டு வரிசை வேறு மாதிரி இருக்கிறது. போலியா?

இல்லை, அது 'ஸ்பெஷல் எடிஷன்'. இரண்டு ஆல்பங்களிலிருந்தும் பாட்டுகளை எடுத்துக் கலந்து போட்டது. கெட்டதில்லை, ஆனால் நான் சொன்ன அந்த ஓட்டம் அதில் கிடைக்காது. 1996-இல் வந்த 'கிறிஸ்துமஸ் கலெக்ஷன்' இரட்டை சிடியைத் தேடுங்கள், அதில் இரண்டும் தனித்தனியாக இருக்கும்.