தீயணைப்பு நிலையம் தள்ளிப் போனால் கட்டடத்தில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: எங்கள் பொறுப்பில் ஒரு பொதுக் கட்டடம் இருக்கிறது. தரைத்தளத்தில் கூட்ட அரங்கு, இரண்டாம் மாடியில் நூலகம். பக்கத்திலிருந்த தீயணைப்பு நிலையத்தைத் தூரத்து நிலையத்தோடு இணைத்துவிட்டார்கள். அருகிலுள்ள மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவும் இனி பகலில் மட்டும்தானாம். கூடுதலாகச் சில தீயணைப்பான்கள் வாங்கி வைத்தால் போதுமா?

பதில்: வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 6 கிலோ பவுடர் தீயணைப்பான் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். குப்பைத்தொட்டி அளவு தீயை அணைக்கத்தான் அது. 6 நிமிடத்தில் வந்துகொண்டிருந்த வண்டிக்கு இனி 14 நிமிடம் ஆகுமென்றால், நடுவில் விழும் 8 நிமிடத்தைச் சிலிண்டர்களால் நிரப்ப முடியாது. ஆட்களை வெளியேற்றியும் புகையை மறித்தும்தான் நிரப்ப வேண்டும்.

முதலில் உங்கள் வெளியேற்றத் திட்டத்தை எடுத்துப் படியுங்கள். படியிறங்க முடியாதவர்களை மாடிப்படித் தளத்தில் உட்காரவைத்துவிட்டு, 'தீயணைப்பு வீரர்கள் வந்து இறக்குவார்கள்' என்று எழுதியிருந்தால், அந்த வரியை இன்றே அடித்துவிடுங்கள். நிலையம் பக்கத்தில் இருந்தபோதும் அது தவறுதான்; இப்போது ஆபத்து. படியில் சறுக்கி இறங்கும் வெளியேற்ற நாற்காலி ஒன்று இரண்டாம் மாடியிலேயே இருக்க வேண்டும், அதை இயக்கப் பழகியவர்கள் நூலகம் திறந்திருக்கும் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்க வேண்டும். பெரும்பாலான மாடல்களை ஒருவரே இயக்கலாம். ஆனால் ஒருமுறைகூட ஆளை ஏற்றி இறக்கிப் பார்க்காதவர், முதல் வளைவிலேயே திணறி நின்றுவிடுவார்.

அடுத்தது கதவுகள். மாடிப்படியைச் சூழ்ந்திருக்கும் தீத்தடுப்புக் கதவு பொதுவாக 30 அல்லது 60 நிமிடம் தாங்கும்படி செய்யப்பட்டது. காற்றோட்டத்துக்காக அடியில் மரக்கட்டை செருகி வைத்தால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. திறந்தே இருக்க வேண்டிய கதவென்றால், தீ எச்சரிக்கை மணி அடித்ததும் தானாக விட்டுவிடும் காந்தப் பிடியைப் பொருத்துங்கள். கதவை விட்டுப் பாருங்கள்: தாழ்ப்பாள் வரை தானாகப் போய் விழ வேண்டும். கடைசி ஓரங்குலத்தில் நின்றுவிடும் கதவுகளே அதிகம். கதவைத் தானாக மூடவைக்கும் குளோசர் மேலே இருக்கும்; அதைத் திருகிச் சரிசெய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உங்கள் எச்சரிக்கை மணி வெளியே யாருக்குத் தகவல் அனுப்புகிறது என்றும் விசாரியுங்கள். நிலையம் மாறியபின் பழைய எண்ணுக்கே டயல் செய்துகொண்டிருக்கும் பேனல்கள் (மணியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள்) உண்டு. சில ஊர்களில் தானியங்கி மணி மட்டும் அடித்தால் வண்டி கிளம்பாது. தீ இருப்பதை ஒருவர் போனில் உறுதிசெய்ய வேண்டும். உங்கள் பகுதியில் என்ன வழக்கம் என்பதைத் தீயணைப்புத் துறையிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனமும் அதைக் கேட்கும்.

புதிய நிலையத்து வீரர்களுக்கு உங்கள் வளாகம் பழக்கமில்லாதது. பழையவர்களுக்குத் தெரிந்திருந்த பின்பக்க கேட், ஹைட்ரன்ட் (தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய்), மின் மெயின் சுவிட்ச் எதுவும் இவர்களுக்குத் தெரியாது. ஒருமுறை நேரில் வரச் சொல்லிச் சுற்றிக் காட்டுங்கள். தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறத்தாழ 2.5 மீட்டர். அதற்கான பாதை 3.7 மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சில நாடுகளின் விதி. 6 மீட்டர் கேட்கும் விதிகளும் உண்டு. விழா நாளில் கார்கள் நின்றபின் மிஞ்சுவது எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். வரைபடத்தில் இருக்கும் அகலம் உதவாது.

இனி ஆம்புலன்ஸ். அறிவிக்கப்படும் 'வந்துசேரும் நேரம்' பெரும்பாலும் வண்டி கேட்டில் நிற்கும் வரைதான். கேட்டிலிருந்து நோயாளியின் பக்கத்துக்கு வருவது உங்கள் கணக்கு. ஸ்ட்ரெச்சர் சுமார் 2 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் ஆழமுள்ள சாதாரண லிஃப்டில் அது படுத்த நிலையில் நுழையாது. சிலவற்றை மடித்து உட்காரவைத்து ஏற்றலாம், ஆனால் மார்பை அழுத்திக்கொண்டே கொண்டுபோக வேண்டியவரை உட்காரவைக்க முடியாது. ஆகவே படிக்கட்டு வழியை இப்போதே தீர்மானித்துவிடுங்கள். போன் செய்ய ஒருவர், கேட்டைத் திறந்து வண்டியை வழிகாட்ட ஒருவர், லிஃப்டைப் பிடித்து வைக்க ஒருவர் என்று பிரித்துவிட்டாலே சில நிமிடம் மிச்சமாகும்.

இதயம் நின்றுபோனவருக்கு மார்பு அழுத்தமும் மின்அதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆகவே செலவு செய்வதென்றால், அந்த மின்அதிர்ச்சியைக் கொடுக்கும் ஏஇடி கருவிக்குச் செய்யுங்கள். போய் எடுத்துத் திரும்ப 3 நிமிடத்துக்கு மேல் ஆகாத இடத்தில், பூட்டில்லாத பெட்டியில் வையுங்கள். மேலாளர் அறையில் வைத்துப் பூட்டிய கருவி மாலை 6 மணிக்குமேல் இல்லாததற்குச் சமம். மார்பில் ஒட்டும் பேட்கள் காலாவதியாகும், பேட்டரியும் அப்படியே. இரண்டு தேதிகளையும் பெட்டியின் வெளியே எழுதி ஒட்டுங்கள். கருவி வரும்வரை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும்; அழுத்துபவரை 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். களைத்த கை ஆழம் குறைவதை உணராது.

மருத்துவமனை விஷயத்தில் பெரிய தவறு ஒன்று நடக்கும்: பழக்கத்தில் நோயாளியைக் காரில் ஏற்றிப் பக்கத்து மருத்துவமனைக்கு ஓட்டிப்போய், இரவில் மூடிய வாசலில் நிற்பது. அங்கேயே நடந்து வரும் சாதாரண நோயாளிகளுக்கான பிரிவு இரவில் திறந்திருந்தாலும், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அங்கே பார்க்க முடியாமல் போகலாம். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகு. எந்த மருத்துவமனையில் அந்த வசதி தயாராக இருக்கிறது என்பது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும்; வண்டி வருமுன்னே அங்கே தகவலும் போய்விடும். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி வண்டியில் கொடுத்தனுப்புங்கள். மருத்துவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

சுவரில் ஒட்டியிருக்கும் 'அருகிலுள்ள மருத்துவமனை' தாளைக் கிழித்துவிட்டு, பகலுக்கு ஒன்றும் இரவுக்கு ஒன்றுமாக இரண்டு வரிகள் எழுதி ஒட்டுங்கள். இரவு நிகழ்ச்சிக்கு அரங்கை வாடகைக்கு எடுப்பவரிடம் சாவியைக் கொடுக்கும்போதே அந்தத் தாளையும், ஏஇடி இருக்கும் இடத்தையும் காட்டிவிடுங்கள். உங்கள் ஊழியர் ஒருவரும் அப்போது அங்கே இருக்கமாட்டார்.