ஐந்து பேரின் பெயர், ஒருத்தியின் வேலை

வணக்கம் ஐயா,

யாழ்ப்பாணத்தில் ஹோட்டல் முகாமைத்துவ டிப்ளோமா படிக்கிறேன். பாதி வகுப்பு சூமில்தான். குழுவில் ஐந்து பேர்: இரண்டு பேர் இங்கே, மற்றவர்கள் காலி, கண்டி, மட்டக்களப்பு. அசைன்மென்ட் கொடுக்கும் முதல்நாள் இரவு நான்தான் விடியவிடிய இருந்து எழுதுகிறேன். மற்றவர்கள் வட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். புள்ளி எல்லோருக்கும் ஒன்றுதான். கட்டில் விரிக்கவும் பரிமாறவும் பழக வேண்டிய படிப்பை இப்படி ஒன்லைனில் கூடிப் படித்து என்ன பலன்?

ஒரு மாணவி, கொக்குவில்

அன்புள்ள தங்கச்சி,

மூன்று கோப்பையை ஒரு கையில் ஏந்திப் பழக சூம் உதவாது. அதற்குச் சமையலறையும் பயிற்சிக் காலமும் வேண்டும். இதில் உங்களோடு எனக்கு வாதமில்லை.

ஆனால் ஹோட்டலில் விருந்தினர் கோபப்படுகிற இடத்தைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறுகிற இடமாகத்தான் அது இருக்கும். கச்சான் ஒத்துக்கொள்ளாது என்று வரவேற்பு மேசையில் சொன்ன விஷயம் குசினிக்குப் போயிருக்காது. இரவு ஷிஃப்ட்காரர் லொக் புத்தகத்தில் ‘தண்ணிப் பிரச்சினை, பார்க்கவும்’ என்று மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். எந்த அறை? தண்ணி வரவில்லையா, ஒழுகுகிறதா? யார் பார்ப்பது? முகம் காணாத ஒருவர் எழுதிவைத்ததை வைத்து வேலையைத் தொடர்வதுதான் இந்தத் தொழிலில் பாதி. ஒன்லைன் குழு வேலை அதற்கு நல்ல பயிற்சி, ஒழுங்காக வைத்தால்.

உங்களுக்கு அது ஒழுங்காக வைக்கப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். ‘வடக்குச் சுற்றுலாவின் சவால்கள்’ என்று பத்துப் பக்கம் கேட்டால், அதை எழுத ஒருத்தி போதும். மற்ற நாலு பேரும் எதற்கு? பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் ரிங்கல்மான் ஆட்களைச் சேர்த்துக் கயிறு இழுக்கவிட்டுப் பார்த்தார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடுகிற பலம் குறைந்தது. அவர் அதை வெளியிட்டது 1913இல். வட்ஸ்அப் கட்டைவிரலை இதற்குக் குற்றம் சொல்ல முடியாது.

இதற்கு மருந்தும் பழையதுதான். 1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் அரொன்சன் பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மற்றவரைக் கேட்காமல் யாருக்கும் முழுப் பாடமும் கிடைக்காது. உங்கள் குழுவுக்கு நான் வைப்பதென்றால் இப்படி வைப்பேன்: காலியிலிருந்து நாற்பது யாத்திரிகர் ஒரு பஸ்ஸில் வருகிறார்கள். நயினாதீவிலுள்ள நாகதீப விகாரைக்குப் போக வேண்டும், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் பார்க்க வேண்டும். காலிப் பிள்ளை தன் ஊர் ஆட்களிடம் விசாரிக்கட்டும்: எத்தனை வயதானவர்கள், என்ன சாப்பாடு, எவ்வளவு உறைப்பு. தீவுக்குப் போகிற குறிகட்டுவான் படகு உங்கள் பொறுப்பு. இங்கேயுள்ள மற்றவர் நல்லூரைப் பார்க்கட்டும். ஆண்கள் மேலாடையைக் கழற்றித்தான் உள்ளே போகலாம் என்பதை முன்கூட்டியே காலிக்குச் சொல்ல வேண்டும். திருவிழாக் காலம் என்றால் அந்த 25 நாளும் அறை தேடுவதே தனி வேலை, அது மட்டக்களப்பாருக்கு. கணக்கு கண்டிக்கு. இப்போது படகு ஒரு மணி நேரம் பிந்துகிறது என்று வையுங்கள். மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போகும், நல்லூர் பின்னேரமாகும், செலவும் மாறும். ஐந்து பேரும் கதைத்தே ஆக வேண்டும்.

கட்டைவிரல் போடுகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்றும் எண்ண வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதக் கூச்சப்படுகிற பிள்ளை குரல் பதிவில் வடிவாகக் கதைக்கும். சிலர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். கேட்டுப் பாருங்கள்.

புள்ளி விஷயத்தை விரிவுரையாளரிடம் நேரே கதையுங்கள், முடிந்தால் குழுவாகப் போய். பாதிப் புள்ளி தனியாளுக்கு என்று கேட்பதில் தவறில்லை. கூகுள் டொக்கில் யார் எப்போது எதை எழுதினார் என்ற வரலாறு அப்படியே இருக்கும். புதிதாகச் சாட்சி தேட வேண்டியதில்லை. அடுத்த அசைன்மென்ட் வந்த அன்றே பகுதிகளைப் பெயர் போட்டுப் பிரித்து, அந்தப் பட்டியலை அவருக்கும் அனுப்பிவிடுங்கள். அப்புறம் உங்கள் பகுதியை மட்டும் எழுதிவிட்டு நேரத்துக்குப் படுங்கள். மற்றவர் பகுதி வெறுமையாகக் கிடந்தால் கிடக்கட்டும். விடியவிடிய இருந்து நிரப்ப வேண்டாம்.