ஈசலும் வெட்டுக்கிளியும்: பூச்சி உணவு கேள்வி பதில்

ஒரத்தநாடு வாசகி: ஐயா, என் அப்பாயி ஈசல் வறுத்துத் தருவார். அதன் பக்குவத்தைச் சொல்ல முடியுமா?

பதில்: ஐப்பசி மழை விட்ட மாலையில் புற்றிலிருந்து ஈசல் புறப்படும்போது, அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மேலே விளக்கைப் பிடித்தால், வெளிச்சத்துக்கு வருபவை தாமாகவே அதில் விழும். கொழுப்பு மிகுந்த பூச்சியாதலால் கிடந்தால் சிக்கு வாடை வந்துவிடும். அன்றிரவே வடித்து, எண்ணெய் விடாத மண்சட்டியில் இளந்தீயில் வறுங்கள். இறகுகள் காய்ந்து உதிர்ந்ததும் முறத்திலிட்டுப் புடைத்து, மீண்டும் சட்டியில் போட்டால் தன் கொழுப்பிலேயே மொறுமொறுப்பாகும். பிறகு வறுத்த அரிசி, பொட்டுக்கடலை, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்துக்கொள்ளலாம். கைப்பிடி அளவுக்கு மேல் போனால் வயிறு கெடும். வீட்டைச் சுற்றிக் கரையான் மருந்து ஊற்றியிருந்தால், அங்கே புறப்படும் ஈசலைத் தொடவே வேண்டாம்.

திருவாரூர் வாசகர்: டெல்டாவில் இல்லாத வழக்கத்தை ஏன் புகுத்துகிறீர்கள்?

பதில்: தண்ணீர் கட்டிய வண்டல் நஞ்சையில் புற்று எழும்ப இடமில்லை, அங்கே நண்டும் நத்தையும்தான் சட்டிக்கு வந்தன. ஆனால் வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண் மேடும் தஞ்சை மாவட்டம்தானே? அகநானூற்றின் 394ஆம் பாடலில் வரகரிசி, செம்மறியாட்டுத் தயிர், ஈசல் மூன்றும் சேர்ந்த புளிச்சோறு வருகிறது. அதுவும் முல்லை நிலத்துச் சமையலே. விரும்பாதவரை உண்ணச் சொல்ல நான் வரவில்லை.

கும்பகோணம் வாசகி: எனக்கு இறால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கும். ஈசல் சாப்பிடலாமா?

பதில்: கூடாது. இறாலில் ஒவ்வாமையை உண்டாக்கும் ட்ரோபோமயோசின் என்ற புரதத்தை ஒத்த புரதம் பூச்சிகளிலும் உண்டு. வறுத்தாலும் அது முற்றிலும் அழியாது.

மன்னார்குடி விவசாயி: குறுவை வயலில் வெட்டுக்கிளி மொய்க்கிறது. பிடித்து வறுத்தால் பயிரும் பிழைக்கும், கறியும் மிஞ்சும் அல்லவா?

பதில்: மருந்து அடித்த வயலாயின் கூடவே கூடாது. தண்டுத்துளைப்பானுக்குப் போடும் குருணை மருந்துகளில் சில வேர்வழி ஏறித் தண்டிலும் இலையிலும் பரவுகின்றன. அந்த இலையைத்தான் வெட்டுக்கிளி தின்கிறது.

அதே விவசாயி: மருந்து அடித்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கழுவி, எண்ணெயில் பொரித்தாலுமா?

பதில்: கழுவினால் போவது மேலே படிந்தது மட்டும், உடலுக்குள் சேர்ந்தது போகாது. பொரிக்கும் சூடு கிருமியைக் கொல்லும், மருந்து முழுவதும் சிதையும் என்பதற்கு அது உறுதியாகாது. மூன்று வாரம் என்பதும் உங்கள் வயலுக்கான கணக்கே. பக்கத்து வயலில் நேற்று அடித்திருந்தால் என்ன செய்வீர்கள்?

திருத்துறைப்பூண்டி இயற்கை விவசாயி: இந்த அச்சுறுத்தல் எங்களைப் போன்றோருக்குப் பொருந்தாது. எங்கள் வயலில் ஒரு சொட்டு மருந்தும் இல்லை.

பதில்: உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் வெட்டுக்கிளிக்கு வரப்பு தெரியாது. மேல்வயலின் வடிகால் தண்ணீரும் உங்கள் மடையில்தான் பாய்கிறது. உங்கள் நெல்லைத் தயங்காமல் உண்பேன், உங்கள் வயலுக்குப் பறந்து வந்ததை உண்ண மாட்டேன். ஆசை விடவில்லையென்றால் வளர்த்து உண்ணுங்கள். தாய்லாந்தில் சுவர்க்கோழியைப் பண்ணையில் தீனி போட்டு வளர்த்தே விற்கிறார்கள். ஒரு நாள் தீனியை நிறுத்திக் குடல் காலியான பிறகு சமைப்பது நல்லது.

மன்னார்குடி விவசாயி: இத்தனை பார்த்தால் கீரைகூடச் சாப்பிட முடியாதே!

பதில்: கீரைக்கு மருந்து அடித்தவர் எத்தனை நாள் கழித்து அறுப்பது என்று கணக்குப் பார்க்கலாம், வெட்டுக்கிளிக்கு அந்தக் கணக்கை யார் பார்ப்பது? இந்த வாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

பட்டுக்கோட்டை வாசகர்: மாமரத்து முசுறு எறும்பை உண்பார்களா?

பதில்: ஒடிசாவின் மயூர்பஞ்சில் முட்டையோடு அரைத்துத் துவையலாக்குகிறார்கள், அதற்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடும் கிடைத்தது. புளிப்பு ஃபார்மிக் அமிலத்தால் வருவது. தோப்பில் மருந்து அடித்திருந்தால் வேண்டாம்.

நாகப்பட்டினம் வாசகர்: தெருவிளக்கின் கீழ் விழும் ஈசல்?

பதில்: எந்தப் புற்றிலிருந்து வந்தது என்று தெரியாததை உண்ணாதீர்கள்.

மயிலாடுதுறை வாசகர்: வெட்டுக்கிளியை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தால் மருந்து போகுமா?

பதில்: போகாது. மேலே மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பாபநாசம் வாசகர்: வயல் எலி?

பதில்: எலி பூச்சியன்று, வேறொருவரைக் கேளுங்கள்.