அணித் தேர்வில் விடுபட்ட தம்பியின் மனநலம்

மாநில ஹாக்கி அணித் தேர்வில் விடுபட்ட உங்கள் கோவில்பட்டித் தம்பி உறக்கமும் பசியும் குறைந்து, மைதானத்துக்கே போக மறுப்பதாக எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹாக்கிக்குப் பேர்போன அவ்வூரில், டீக்கடையில் நிற்பவர்கூட "என்னடே, டீம்ல எடுக்கலியாமே?" என்று விசாரிப்பது (அன்பினால்தான்!) தோல்வியை நாள்தோறும் புதுப்பித்துவிடும் என்பதால், வீட்டிலாவது அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு, தம்பி சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

மனத்திடம் குறைந்தவர்களுக்கே இது வரும் என்பது தவறு. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனநலம் கருதிப் பல போட்டிகளிலிருந்து விலகிய அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2024-இல் பாரிஸில் 3 தங்கம் வென்றார். பயிற்சிக்கு இடைவெளி விடுவது குறித்துப் பயிற்சியாளரிடம் நீங்களே பேசலாம்.

இந்நிலை 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற சொல் வந்தாலோ ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண்ணான 14416-இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.