கதவு, நாற்காலி, இருவர்: கன்டினியூட்டியின் முதற்பயிற்சி

ஒருவர் கதவைத் திறந்து வந்து அமர்ந்து பேசும் எளிய காட்சியை எடுக்கச் சொல்வதால் மாணவர்கள் என்ன கற்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கற்பது கன்டினியூட்டி, அதாவது தனித்தனியாக எடுத்த ஷாட்டுகளை இடையறாத ஒரே நிகழ்வாகத் தோன்றச் செய்வது. பிரிட்டனின் மேல்நிலை ஊடகவியல் பாடத்தில் பல ஆண்டுகள் அதற்கான முதற்பயிற்சியாக இருந்தது இதுதான்: ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, இன்னொருவருக்கு எதிரே அமர்ந்து, ஓரிரு வசனம் பேச வேண்டும்.

கடினமான பகுதி கதவு. கை கைப்பிடியைத் திருகிக் கதவு நகரத் தொடங்கும் கணத்தில் வெளியிலிருந்து எடுத்த ஷாட்டை வெட்டி, அதே கணத்திலிருந்து உள்ளே எடுத்த ஷாட்டை ஒட்டினால், பார்ப்பவரின் கண் அசைவைப் பின்தொடர்வதால் வெட்டு உறுத்துவதில்லை. அதற்காகக் கதவு திறக்கும் செயலை இரு கோணங்களிலும் முழுமையாக எடுக்க வேண்டும். பாதியில் கேமராவை நிறுத்தியவர்கள்தான் எடிட்டிங்கில் தவிக்கிறார்கள். வெளியே வலக்கையால் திறந்தவர் உள்ளே இடக்கையால் திறப்பதும் அப்போதுதான் தெரியவரும்.

உரையாடலுக்கு 180 பாகை விதி. பேசும் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் கேமரா நிற்கும்வரை, தனித்தனி ஷாட்டுகளில் ஒருவர் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமும் நோக்குவதால் எதிரெதிரே இருப்பதாக உணர்கிறோம். கோட்டைத் தாண்டிவிட்டால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதாகத் தோன்றும். தரையில் சாக்பீஸால் அந்தக் கோட்டை வரைந்துகொள்வது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். நான் அதையே பரிந்துரைப்பேன்.

ஒவ்வொரு டேக் முடிந்ததும் மேசையைச் செல்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், பாதி குடித்த தேநீர் அடுத்த ஷாட்டில் மீண்டும் நிரம்பியிருக்காது.