பச்சைக் கடலில் செத்து ஒதுங்கிய மீனைச் சாப்பிடலாமா?

வணக்கம் சகோதரி. பாம்பன் குந்துகால் பக்கம் கடல் பச்சையாகி, இரவில் அலை நீலமாக மின்னுகிறது, கரையில் செத்து ஒதுங்கிய சாளையை வீட்டுக்காரர் அள்ளி வந்திருக்கிறார், குழம்பு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளம் நாக்டிலூகா என்ற நுண்ணுயிருடையது போலத்தான் இருக்கிறது. 2019 செப்டம்பரிலும் மன்னார் வளைகுடாவில் இது பெருகியது. மீன் சாவது விஷத்தால் அல்ல. இந்த உயிர்கள் கூட்டமாக மடிந்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, அம்மோனியாவும் ஏறுகிறது. மீன் மூச்சுமுட்டிச் சாகிறது. அந்த முறை பவளப்பாறைகளே செத்தன.

விஷம் இல்லையே, அப்புறம் என்ன என்று தோன்றும். அந்த மீன் எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்ததோ! சாளை, கானாங்கெளுத்தி எல்லாம் கெட ஆரம்பித்தால் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் அதில் சேரும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், வாந்தி வரும். மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

பச்சை இல்லாத ஆழத்தில் உயிரோடு பிடித்து ஐஸில் வைத்த மீனைத் தாராளமாக வாங்கலாம். பிள்ளைகளைக் கடலில் குளிக்க விடுவது மட்டும் நிறம் தெளிந்த பிறகு இருக்கட்டும், தோல் அரிக்கலாம்.